சண்டை இரண்டு பேருக்கு... பயம் யாருக்கு?

அபிராமபுரத்தில் ஒரு காலை நேரம். திரும்பிய கார் ஒன்று ஸ்கூட்டரை லேசாக உரசிவிட்டது. அவ்வளவுதான்! ‘கண்ணு தெரியலையா?’ என்று ஆரம்பித்து, இரண்டே நிமிஷத்தில் காலரைப் பிடித்துக் கட்டிப் புரண்டார்கள். டீக்கடை வாசலில் நாங்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்த்தோம். பால் பாக்கெட்டோடு வந்த ஒரு பாட்டி மட்டும் சுவரோரமாக ஒண்டி நின்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்தச் சண்டையில் பாதிக்கப்பட்டவர் யார்? உதடு கிழிந்தவர் என்பீர்கள். சட்டத்தில் இருக்கும் ஒரு பழைய ஆங்கில வார்த்தையோ பாட்டியைக் கைகாட்டுகிறது!

அந்த வார்த்தை, ‘அஃப்ரே’. இரண்டு பேரோ, அதற்கு மேலோ பொது இடத்தில் அடித்துக்கொண்டு ஊர் அமைதியைக் குலைப்பது. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. பயமுறுத்துவது என்று பொருள். பயந்துவிட்டேன் என்பதற்கு ‘அஃப்ரெய்டு’ என்கிறோமே... அது இதே வார்த்தையின் இறந்தகால வடிவம்தான். நம் ‘கைகலப்பு’ சண்டை போடும் கைகளைப் பார்க்கிறது. அஃப்ரே, பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சைப் பார்க்கிறது.

அதனால்தான் 18-ம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட மேதை பிளாக்ஸ்டோன் தெளிவாக எழுதிவைத்தார்: அதே சண்டை நாலு சுவருக்குள் நடந்தால் அஃப்ரே இல்லை, வெறும் தாக்குதல். ஒருவர் அடிக்க, மற்றவர் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டே நின்றாலும் அஃப்ரே ஆகாது.

வார்த்தை இங்கே வந்த கதைக்கு வருவோம். 1834 ஜூனில் மெக்காலே கப்பலிலிருந்து இறங்கியது நம்ம சென்னையில்தான். அவர் தலைமையில் எழுதிய தண்டனைச் சட்ட வரைவு 1837-ல் தயார். சட்டமானதோ 1860-ல்... மெக்காலே இறந்த மறு வருஷம்! 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த அந்தச் சட்டத்தின் 160-வது பிரிவு, அஃப்ரேக்கு அதிகபட்சம் ஒரு மாத ஜெயில் அல்லது 100 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்றது.

நூறு ரூபாய்தானா என்று சிரிக்காதீர்கள். காமர்ஸ் படித்த புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய ரூபாய், ஒரு தோலா எடையுள்ள வெள்ளிக் காசு. 12-ல் 11 பங்கு சுத்த வெள்ளி. நூறு ரூபாய் என்றால் ஒரு கிலோவுக்கு மேல் வெள்ளி! கை ஓங்குமுன் யோசிக்க வைக்கும் தொகை.

காசு தேய்ந்தது, சட்டத்தில் எண் மாறவில்லை. 2024 ஜூன் 30 வரை அதே நூறுதான். ஜூலை 1-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 194-வது பிரிவு அதை 1,000 ஆக்கியது. ஆயிரம் ரூபாய்க்கு இன்று ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வருமா, சொல்லுங்கள்!

நூறோ ஆயிரமோ, அபராதம் போவது கஜானாவுக்கு. பயந்தவருக்கு ஒன்றும் கிடையாது.

அன்று இருவரையும் விலக்கிவிட்டவர் டீ மாஸ்டர். உதட்டில் ரத்தம் வந்தவருக்கு யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாட்டியின் கையைப் பிடித்து வீடு வரை கொண்டுவிட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

எனக்கும்தான்.