பள்ளி நூலகரும் வகுப்பாசிரியரும்: ஒரு கூட்டுப்பணியின் வரலாறும் அதன் கலைச்சொற்களும்

1. முன்னுரை

ஒரு தொழிலின் வரலாற்றை, அத்தொழிலினர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களின் வழியாகவும் அறியலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பள்ளி நூலகர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் பதவிப்பெயரையும் பணிப்பெயர்களையும் பலமுறை மாற்றியமைத்தனர். இம்மாற்றங்களினூடே ஒரு கோரிக்கை படிப்படியாக வலுப்பெற்றது. நூலகர் நூல்களைக் காப்பவர் மட்டுமல்லர். வகுப்பாசிரியரோடு இணைந்து கற்பிப்பவரும் ஆவார் என்பதே அது. இக்கோரிக்கை வளர்ந்த முறையையும், அதனை உணர்த்தும் சொற்களைத் தமிழாக்குவதில் எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. தொடக்க நிலை

1900ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள எராஸ்மஸ் ஹால் உயர்நிலைப் பள்ளியில் மேரி கிங்ஸ்பரி நூலகராக அமர்த்தப்பட்டார். முறையான நூலகப் பயிற்சியுடன் பள்ளிப் பணிக்கு வந்த முதல் நூலகராக இவர் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறார். 1920இல் செர்ட்டன் என்பவரின் தலைமையிலான குழு உயர்நிலைப் பள்ளி நூலகங்களுக்கும், 1925இல் தொடக்கப்பள்ளி நூலகங்களுக்கும் தரவரையறைகளை வகுத்தது. இடவசதி, நூல்தொகுதி, பணியாளர் தகுதி ஆகியவை இவற்றில் முதன்மை பெற்றன.

1957இல் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கக் கல்வியின் தரம் பெருவிவாதத்துக்கு உள்ளாயிற்று. 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமும், 1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டமும் கல்விக்கு நடுவணரசின் பொருளுதவியைக் கொணர்ந்தன. பின்னதன் இரண்டாம் பகுதி பள்ளி நூலக வளங்களுக்கென்றே நிதி வழங்கிற்று. 1969இல் வெளிவந்த தரவரையறைகள் நூல்களையும் ஒலி, ஒளிச் சாதனங்களையும் ஒரே அமைப்பின்கீழ்க் கொணர்ந்து, நூலகரை 'மீடியா ஸ்பெஷலிஸ்ட்' எனக் குறித்தன.

3. ஆலோசகர் நிலையிலிருந்து கூட்டாளர் நிலைக்கு

வளங்கள் பெருகியபோதும் அவை பாடத்தோடு இணையவில்லை என்னும் குறை நீடித்தது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலக் கல்வி அமைச்சகம் 1982இல் வெளியிட்ட வழிகாட்டி, நூலகரையும் ஆசிரியரையும் செயலில் இணைந்தவர்களாக அதன் தலைப்பிலேயே சுட்டியது. அங்கும் ஆஸ்திரேலியாவிலும் வழங்கும் 'ஆசிரிய நூலகர்' என்னும் தொகைப்பெயர் இருபணிகளையும் ஒருவரிடமே காண்கிறது.

அமெரிக்காவில் 1988இல் வெளிவந்த 'இன்ஃபர்மேஷன் பவர்' என்னும் வழிகாட்டி தகவல் வல்லுநர், ஆசிரியர், கற்பித்தல் ஆலோசகர் என மூன்று பணிகளை நூலகருக்கு வகுத்தது. 1998ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஆலோசகர்' என்ற சொல் நீங்கி, 'கூட்டாளர்' என்னும் பொருளுடைய 'பார்ட்னர்' இடம்பெற்றது. ஆலோசகர் வெளியே நின்று அறிவுரை கூறுபவர். கூட்டாளரோ திட்டமிடலிலும் கற்பித்தலிலும் மதிப்பீட்டிலும் பொறுப்பேற்பவர். ஒரு சொல்லின் மாற்றம் பொறுப்பின் மாற்றமாகவும் அமைந்தது. இறுதியில், 2010இல் அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 'பள்ளி நூலகர்' என்னும் பழைய பெயரையே மீண்டும் ஏற்றது. பெயர் திரும்பியது, பணியின் பொருள் திரும்பவில்லை.

4. தடைகளும் சான்றுகளும்

இக்கூட்டுப்பணிக்குப் பெருந்தடையாக அமைந்தது கால அட்டவணை. பல தொடக்கப்பள்ளிகளில், வகுப்பாசிரியர் தம் பாடத் தயாரிப்புக்குச் செல்லும் பாடவேளையில் மாணவர்கள் நூலகத்துக்கு அனுப்பப்பட்டனர். நூலகர் ஓய்வாக இருக்கும் வேளையில் ஆசிரியர் வகுப்பில் இருப்பார். ஆசிரியர் ஓய்வாக இருக்கும் வேளையில் நூலகர் அவர்தம் மாணவரோடு இருப்பார். இருவரும் கூடித் திட்டமிட நேரமே இல்லை. இதனாலேயே, 1988 முதல் 1998 வரை டெவிட் வாலஸ் அறக்கட்டளையின் நிதியில் பத்தொன்பது ஊர்களில் நடைபெற்ற 'லைப்ரரி பவர்' திட்டம் நெகிழ்வான கால அட்டவணையை வலியுறுத்தியது.

மற்றொரு தடை நிதிக்குறைப்பு. சிக்கன நடவடிக்கை வரும்போதெல்லாம் வகுப்பெடுக்காதவரின் பதவியே முதலில் கேள்விக்குள்ளாகும். எனவே தம் கற்பித்தற் பணியை வெளிப்படுத்துவது நூலகர்க்குப் பெருமைக்குரிய செயலாக மட்டுமன்றி, பதவியைக் காக்கும் தேவையாகவும் ஆயிற்று. கீத் கர்ரி லான்ஸ் குழுவினர் கொலராடோ மாநிலத்தில் நடத்தி 1993இலும் 2000இலும் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வகையில் பெரிதும் எடுத்தாளப்பட்டன. இரண்டாம் ஆய்வு, நூலகரும் ஆசிரியரும் கூடிப் பணிபுரியும் பள்ளிகளில் மாணவரின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்திருப்பதைக் காட்டியது. எனினும் இவை தொடர்புநிலையைக் காட்டுவனவே; காரணகாரியத்தை நிறுவுவன அல்ல. பரப்புரையில் இவ்வேறுபாடு பலகால் மறக்கப்பட்டது.

5. இந்தியத் தொடர்பு

இக்கருத்து இந்தியாவுக்குப் புதிதன்று. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த பின்னரே 1924இல் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், தம் நூலக ஐந்து விதிகளை 1928இல் சிதம்பரத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில் முன்வைத்தார். அவ்விதிகள் முதன்முதலாகக் கல்வியாளர் அவையிலேயே ஒலித்தன என்பது கருதத்தக்கது. பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றி 1942இல் அவர் தனிநூலும் வெளியிட்டார். ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் செயற்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளுக்குப் பயிற்சிபெற்ற நூலகர் வேண்டும் என்றதோடு, ஆசிரியர் அனைவர்க்கும் நூலகப் பணியின் அடிப்படைகளில் பயிற்சி தரவேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

6. மொழியாக்கச் சிக்கல்கள்

2005இல் பட்ரீசியா மொன்டியேல் ஓவரால் இக்கூட்டுப்பணியை நால்வகைப்படுத்தினார். தமிழில் இவற்றை ஒருங்கிசைவு, ஒத்துழைப்பு, ஒருங்கிணைந்த கற்பித்தல், ஒருங்கிணைந்த பாடத்திட்டம் எனக் குறிக்கலாம். நீர்வளம் பற்றிய பாடத்தைச் சான்றாகக் கொள்வோம். நூலக வேளையை அப்பாடத்துக்கேற்ப அமைப்பது ஒருங்கிசைவு. ஆசிரியர் கேட்க, நூலகர் நூல்களைத் திரட்டித் தருவது ஒத்துழைப்பு. இருவரும் நோக்கத்தை வகுத்து, கற்பித்து, மதிப்பிடுவது மூன்றாம் நிலை. அது பள்ளி முழுமைக்கும் விரிவது நான்காம் நிலை. இந்நான்கையும் 'ஒத்துழைப்பு' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால், நூலகர்கள் எதற்காகப் போராடினரோ அவ்வேறுபாடே மறைந்துவிடும்.

பதவிப்பெயர்களிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. 'ஊடக வல்லுநர்' என்பது இன்று இதழியலாளரையே நினைவூட்டும். 'பங்காளி' என்பது தமிழர் உறவுமுறையில் சொத்துரிமையையும் அதனால் எழும் பூசலையும் உடன்கொணரும். 'துணையாசிரியர்' என்றாலோ சமநிலை கெடும். 'கற்பித்தல் கூட்டாளர்' என்பது இக்குறைகள் இன்றி அமைகிறது.

7. முடிவுரை

மாணவர் கல்வியில் நூலகருக்கும் ஆசிரியருக்கும் உள்ள கூட்டுப்பொறுப்பை 1999ஆம் ஆண்டின் யுனெஸ்கோ பள்ளி நூலக அறிக்கை உலகளவில் ஏற்றுக்கொண்டது. இத்தகைய ஆவணங்களைத் தமிழாக்குவோர் தேரும் சொல், பள்ளியில் நூலகரின் இடத்தைக் குறிக்கும் சொல்லாகவும் அமையும். 'உதவுபவர்' எனப் பெயர்த்தால் அவர் நூலடுக்குகளின் அருகிலேயே நிற்பார். 'கூட்டாளர்' எனப் பெயர்த்தால் வகுப்பறைக்குள் அவருக்கும் ஓர் இருக்கை உண்டு.