எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்

1992-ல் எங்கள் ஊரில் ஒரு வாசிப்பு வட்டம் இருந்தது. தையல் கடை ஒன்றின் மாடி. பாய் விரித்து உட்கார்ந்தால் பன்னிரண்டு பேருக்கு இடம். சுவரோரம் அடுக்கிய புத்தகங்களில் பாதி முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மீரும் போட்டவை. சோவியத் யூனியன் கலைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. செத்த வீட்டில் பேசுகிற மாதிரி எல்லாரும் கொஞ்சம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த காலம்.

வட்டத்துக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை உண்டு. அதற்கு நண்பர் ஒருவர் லைசென்கோ பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதைப் போடக் கூடாது என்று முடிவானது. எங்களில் மூத்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். "எழுதினது தப்புன்னு நான் சொல்லல தோழர். இப்ப எழுதணுமாங்கறதுதான் கேள்வி. எதிரிக்கு நாமளே தீனி போடலாமா?" கைகள் உயர்ந்தன. எழுதியவரைத் தவிர பதினொரு கைகள். என்னுடையதும் ஒன்று. யாரும் மிரட்டவில்லை. எனக்குப் பயமும் இல்லை. சொல்லப்போனால், கையைத் தூக்கியபோது சரியான பக்கத்தில் நிற்கிறோம் என்ற நிறைவுதான் இருந்தது.

கீழே இறங்கி சைக்கிளை எடுக்கும்போது அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ அதப் படிச்சியா?"

நான் படிக்கவில்லை.

லைசென்கோவைப் பற்றிப் பிறகு நிறையப் படித்தேன். உக்ரைனில் பிறந்த விவசாயி மகன். குளிர்காலக் கோதுமை விதையை ஊறவைத்துக் குளிரூட்டி வசந்தத்தில் விதைத்தால் விளைச்சல் பெருகும் என்று சொல்லி 1920-களின் கடைசியில் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தவர். விதையைக் குளிரூட்டினால் பயிர் முந்திப் பூக்கும் என்பது உண்மைதான், அவருக்கு முன்பே தெரிந்த விஷயமும்கூட. ஆனால் அதிலிருந்து அவர் எங்கெங்கோ தாவினார். சூழலை மாற்றினால் பயிரின் மரபே மாறும், மாறியது அடுத்த தலைமுறைக்கும் போகும், மரபணு என்ற ஒன்றே கிடையாது, கோதுமையிலிருந்து கம்புக் கோதுமையே முளைக்கும். இப்படிப் போனது. 1935-ல் ஒரு கூட்டத்தில் அவர் பேசும்போது ஸ்டாலின் எழுந்து "சபாஷ் தோழர் லைசென்கோ" என்று உற்சாகப்படுத்தினார். 1938-ல் வேளாண் அறிவியல் கழகத்தின் தலைவர் நாற்காலி கிடைத்தது.

எதிர்ப் பக்கத்தில் நின்றவர் நிக்கோலாய் வவிலோவ். பயிர்கள் முதன்முதலில் எங்கே பழக்கப்படுத்தப்பட்டன என்று தேடி ஐந்து கண்டங்களில் அலைந்து, லெனின்கிராடில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சேர்த்தவர். 1940 ஆகஸ்ட் 6-ல் உக்ரைனில் பயிர் தேடிப் போன இடத்தில் கைது செய்தார்கள். மரண தண்டனை விதித்து, பிறகு இருபது வருடச் சிறையாகக் குறைத்தார்கள். 1942-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தபோது அவர் சிறையில் இருந்தார். 1943 ஜனவரி 26-ல் சரத்தோவ் சிறையில் செத்துப்போனார். உலகத்துக்கே பசியைத் தீர்க்க விதை சேர்த்தவர், பட்டினியில் நலிந்து. லெனின்கிராட் முற்றுகையின்போது அவருடைய சகாக்கள் பலர் அந்த விதை மூட்டைகளுக்கு நடுவில், அதில் கைவைக்காமல், பட்டினியால் செத்தார்கள். இந்தக் கதை பலருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஐந்து வருடம் கழித்து நடந்த ஒரு கூட்டம்.

1948 ஜூலை 31-லிருந்து ஆகஸ்ட் 7 வரை மாஸ்கோவில் வேளாண் அறிவியல் கழகத்தின் கூட்டம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள். பெரும்பாலோர் லைசென்கோ ஆட்கள். ஆனால் மரபியல் பக்கமும் சிலர் துணிந்து பேசினார்கள். ஐயோசிஃப் ராப்போபோர்ட் அதில் ஒருவர். போரில் ஒரு கண்ணை இழந்தவர். வேதிப்பொருள்களால் மரபு மாற்றங்களை உண்டாக்க முடியும் என்று கண்டறிந்தவர்களில் ஒருவர். நெம்ச்சினோவ் என்ற புள்ளியியல்காரர், திமிர்யாசெவ் வேளாண் கழகத்தின் இயக்குநர். குரோமோசோம் கோட்பாடு மனித அறிவின் கருவூலத்தில் சேர்ந்துவிட்ட ஒன்று என்று மேடையிலேயே சொன்னார். அரங்கத்திலிருந்து கூச்சல். அவர் பின்வாங்கவில்லை. கொஞ்ச நாளில் பதவி போனது.

கடைசி நாள் காலையில் லைசென்கோ எழுந்தார். என் அறிக்கையைப் பற்றி மத்தியக் குழு என்ன நினைக்கிறது என்று ஒரு சீட்டில் கேட்டிருக்கிறார்கள், மத்தியக் குழு அதைப் படித்து ஒப்புதல் அளித்துவிட்டது என்று அறிவித்தார். கூட்டத்தின் பதிவை மாஸ்கோவிலேயே ஆங்கிலத்திலும் அச்சடித்து வெளியிட்டார்கள். அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பது பலத்த கரவொலி, எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள் என்பது.

அன்றைய பிராவ்தாவில் இன்னொரு விஷயமும் வந்திருந்தது. யூரி ஸ்தானோவ், ஸ்டாலினுக்கு அடுத்த வரிசையில் இருந்த ஆந்திரேய் ஸ்தானோவின் மகன். அந்த ஏப்ரலில்தான் ஓர் உரையில் லைசென்கோவைக் கடுமையாக விமர்சித்திருந்தார். இப்போது ஸ்டாலினுக்கு அவர் எழுதிய மன்னிப்புக் கடிதத்தை பிராவ்தா போட்டது. அதே நாள் அரங்கில் மூன்று மரபியலாளர்கள் எழுந்து தங்கள் பழைய கருத்தைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். ஷுகோவ்ஸ்கி, அலிகன்யான், பொல்யாக்கோவ். மூவரில் ஒருவர், பிராவ்தாவில் வந்த கடிதத்தைப் பார்த்து நான் மாறவில்லை, அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டேன் என்று சொல்கிறார். அந்த வரியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் தையல் கடை மாடி ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. சரணடைகிற மனிதனுக்குக்கூட, நானாகத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளத் தோன்றுகிறது பாருங்கள்.

ராப்போபோர்ட் மாறவில்லை. கட்சியிலிருந்து நீக்கினார்கள். 1957 வரை மரபியல் பக்கமே போக முடியாமல் நிலவியல் தொடர்பான வேலைகளில் காலம் தள்ளினார்.

இதையெல்லாம் துப்பாக்கிக்குப் பயந்த கதை என்று முடித்துவிடலாம்தான். வவிலோவின் கதி எல்லாருக்கும் தெரியும், அப்புறம் யார் வாய் திறப்பார்? அது உண்மை. ஆனால் அது மட்டும் போதாது. துப்பாக்கி எட்டாத தூரத்தில் இருந்தவர்களும் வாய் திறக்கவில்லையே.

காரணம், மரபணுவைப் பேசுவது அன்றைக்கு வெறும் அறிவியல் தவறாகப் பார்க்கப்படவில்லை, ஒழுக்கக் கேடாகவே பார்க்கப்பட்டது. நாஜிகள் 'இனத் தூய்மை' என்று சொல்லிச் செய்த கொலைகளின் சூடு ஆறவில்லை. அதற்கு மரபியலின் பெயரைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆகவே மெண்டலையும் மார்கனையும் சொல்பவன் பாசிஸ்டுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று முத்திரை குத்துவது எளிது. நல்லவர்கள்தான் அந்த முத்திரைக்கு அதிகம் பயந்தார்கள். இன்றைக்கு 'அரசியல் சரி' என்று நாம் சொல்கிற சங்கதி இதுதான். சொல்வது உண்மையா என்ற கேள்வி பின்னுக்குப் போய், இதைச் சொன்னால் நீ யாரோடு நிற்கிறாய் என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிடும்.

இதற்கு 1936-லேயே ஒருவர் பதில் சொல்லியிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஹெர்மன் முல்லர், அமெரிக்க மரபியலாளர், இடதுசாரி, சோஷலிசத்தை நம்பி சோவியத்தில் வேலை செய்யப் போனவர். அந்த டிசம்பரில் இதே கழகத்தின் கூட்டத்தில் அவர் வாதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். வாழ்ந்த சூழலின் விளைவு ரத்தத்தில் ஏறிப் பிள்ளைகளுக்குப் போகும் என்றால், தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட மக்களும் காலனி நாட்டு மக்களும் பிறவியிலேயே தாழ்ந்துபோயிருக்க வேண்டும். பாசிஸ்டுக்கு உதவுவது உங்கள் கோட்பாடா, எங்களுடையதா? நம் ஊரில் சாதியைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் உடனே புரியும். ஆனால் அங்கே வாதத்தை யாரும் எடை போட்டுக்கொண்டிருக்கவில்லை. 1937-ல் முல்லர் சோவியத்தை விட்டு வெளியேறினார். 1948-ல் சோவியத் அறிவியல் கழக உறுப்பினர் பதவியைத் தூக்கி எறிந்தார்.

ஜே.பி.எஸ். ஹால்டேன் விஷயம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்வது. உலகின் முதல்தர மரபியலாளர்களில் ஒருவர், வவிலோவை அறிந்தவர், பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். 1948 நவம்பரில் பிபிசி வானொலியில் நாலு பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் லைசென்கோ பற்றிப் பேசினார்கள். மற்ற மூவரும் கண்டித்தார்கள். (அவர்களில் ஒருவரான டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணை நூலை 1945-ல் வெளியிட்டவர் நம் கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) ஹால்டேன் மட்டும், அதில் சரியும் இருக்கலாம், தவறும் இருக்கலாம், முழு விவரம் வரட்டும் என்கிற பாணியில் பேசினார். லண்டனில் உட்கார்ந்திருந்த அவரை யாரும் சைபீரியாவுக்கு அனுப்பியிருக்க முடியாது. அடுத்த வருடமே மரபியலுக்கு ஆதரவாக எழுதவும் செய்தார், கட்சியிலிருந்து மெல்ல விலகினார், 1957-ல் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகவே ஆகி, 1964-ல் புவனேஸ்வரத்தில் இறந்தார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். அதனாலேயே அந்த வானொலிப் பேச்சை என்னால் கடந்து போக முடியவில்லை.

உடனே, பார்த்தீர்களா, கம்யூனிஸ்டுகளே இப்படித்தான் என்று சிலர் கிளம்புவார்கள். அவர்களுக்காக இன்னொரு கதை. 1949, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கல்லூரி. ரால்ஃப் ஸ்பிட்சர் என்ற வேதியியல் ஆசிரியர், லைனஸ் பாலிங்கின் மாணவர். வேதியியலாளர்களின் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். லைசென்கோவைத் தீர்ப்பதற்கு முன் அவர் என்ன சொல்கிறார் என்று நேராகப் படித்துப் பாருங்கள் என்பதுதான் சாரம். கல்லூரித் தலைவர் அவருடைய பதவியைப் புதுப்பிக்க மறுத்தார். இந்தக் கடிதத்தையே காரணமாகக் காட்டவும் செய்தார். லைசென்கோ பக்கம் சாய்கிறவனுக்குப் பகுத்தறிவு போதாதாம். பாலிங் எதிர்த்து எழுதியும் பலன் இல்லை.

ஒரே வருட இடைவெளியில், மாஸ்கோவில் லைசென்கோவை ஏற்காதவருக்கு வேலை போகிறது, ஒரிகனில் அவரைப் படித்துப் பார் என்றவருக்கு வேலை போகிறது. அமெரிக்காவில் யாரும் சரத்தோவ் சிறைக்குப் போகவில்லை, இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இருந்தாலும் ஸ்பிட்சர் விஷயம் எனக்கு ஒன்றைக் காட்டியது. லைசென்கோ சொன்னது தவறு. சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தவறைப் படிக்காமலே சரியான முடிவுக்கு வந்தவர்களின் முடிவுக்கு என்ன மதிப்பு? ராப்போபோர்ட்டுக்கு வேண்டியிருந்த சுதந்திரமும் ஸ்பிட்சருக்கு வேண்டியிருந்த சுதந்திரமும் ஒன்றுதான். ஒருவர் சரி, இன்னொருவர் ஒருவேளை ஏமாந்தவர் என்பதால் அது வேறாகிவிடாது.

பிற்பாடு ஆவணக் காப்பகங்கள் திறந்தபோது வெளிவந்த ஒரு காகிதம் இருக்கிறது. லைசென்கோவின் 1948 அறிக்கையை ஸ்டாலினே பேனாவோடு உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். எல்லா அறிவியலும் வர்க்கச் சார்புடையதே என்று லைசென்கோ எழுதிய இடத்தில், ஓரத்தில் ஹா ஹா ஹா என்று எழுதி, அப்போ கணிதம்? டார்வினியம்? என்று கேட்டிருக்கிறார். எந்த வாக்கியத்தை மறுக்க நாடு முழுக்க ஆட்கள் பயந்தார்களோ, அந்த வாக்கியத்தைப் பார்த்து ஸ்டாலினே சிரித்திருக்கிறார்! அந்த அரங்கத்தில் எழுந்து நின்றவர்களில் எத்தனை பேர் மனசுக்குள் அதே சிரிப்பைச் சிரித்தார்களோ. ஒருத்தர் சிரிப்பது இன்னொருத்தருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டன, பாடநூல்கள் திரும்பப் பெறப்பட்டன, பழ ஈக்களின் ஆய்வு வளர்ப்புகளை அழித்தார்கள். அந்த ஆகஸ்ட் கடைசியில் சோவியத் அறிவியல் கழகத்தின் தலைமைக் குழு கூடி மரபியல் ஆய்வகத்தை மூடத் தீர்மானித்தது. அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் இயற்பியலாளர் செர்கேய் வவிலோவ். சிறையில் செத்த நிக்கோலாயின் சொந்தத் தம்பி. 1955-ல் ஏறக்குறைய முந்நூறு விஞ்ஞானிகள் லைசென்கோவுக்கு எதிராக மத்தியக் குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள். 1964-ல் லைசென்கோவின் ஆள் ஒருவர் அறிவியல் கழகத்துக்குத் தேர்வாக இருந்ததை சகாரோவ் எழுந்து நின்று எதிர்த்தார். அந்த அக்டோபரில் குருஷ்சேவ் பதவி இழந்ததோடு லைசென்கோவின் காலமும் முடிந்தது. ராப்போபோர்ட்டுக்கு 1990-ல் சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே அவர் இறந்துபோனார். பட்டம் கொடுத்த நாடு அதன்பின் ஒரு வருடம்தான் இருந்தது.

போன மாதம் அந்தப் பழைய நண்பரோடு தொலைபேசியில் பேசினேன். முப்பது வருடத்தில் நாலைந்து முறை பேசியிருப்போம். லைசென்கோ பற்றி எழுதுகிறேன், உங்கள் கட்டுரையை இப்போதாவது படிக்க வேண்டும், பிரதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒரே ஒரு பிரதிதாங்க. கையால எழுதினது. வட்டத்துலயேதான் இருந்துச்சு" என்றார்.

தையல் கடை மாடியில் இப்போது ஒரு டியூஷன் சென்டர் நடக்கிறது. எங்கள் வட்டத்துப் புத்தகங்கள் எங்கே போயின என்று மூன்று பேரைக் கேட்டுவிட்டேன்.