அமானி முறையும் ஒரு திவானின் முடிவும்



திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் நெடுஞ்சாலையில், சூரியூர் என்னுமிடத்தில், இந்திய மேலாண்மைக் கழகம் ஒன்று இருக்கின்றது. அது 2011ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. தலைமை என்பது யாது, ஒரு நிறுவனம் தன் நெடுநாள் வழியை எங்ஙனம் வகுத்துக்கொள்ளுதல் வேண்டும், ஐயம் நிறைந்த வேளையில் முடிவெடுப்பது எப்படி என்பனவற்றை அங்கே ஒரு சாத்திரமாகவே பயில்கின்றனர். 1908இல் அமெரிக்காவில் தோன்றிய ஹார்வர்டு வணிகப் பள்ளி இத்துறைக்கு ஒரு நல்ல கற்பிக்கும் முறையை அளித்தது. உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியை விவரமாக மாணவர் முன் வைத்து, 'அந்தப் பொறுப்பில் நீர் இருந்தால் என்ன செய்திருப்பீர்?' என்று கேட்பதே அம்முறை.

அதே சாலையில் மேலும் தெற்கே வந்தால் எங்கள் திருக்கோகர்ணம். இங்கே குடைவரைக் கோயிலில் எழுந்தருளியுள்ள கோகர்ணேசுவரரின் தேவி பிரகதாம்பாளே புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். ஹார்வர்டு ஆசிரியர்கள் கண்டிருந்தால் விடாமல் எடுத்துக்கொண்டிருக்கக் கூடிய நிகழ்ச்சி ஒன்று இம்மன்னர்களின் சமஸ்தானத்திலேயே நடந்தது. அதனைக் கூறவே வந்தேன்.

1878ஆம் ஆண்டு. தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. இராமச்சந்திர தொண்டைமான் அரசு புரிந்து வந்தார். சமஸ்தானம் சிறியது, ஏறத்தாழ 1,180 சதுர மைல். வெள்ளாற்றைத் தவிரச் சொல்லத்தக்க ஆறு இல்லை. வானம் பார்த்த பூமி. ஆயிரக்கணக்கான கண்மாய்களே உயிர்நாடி. கருவூலம் நலிந்திருந்தது. அரண்மனைச் செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று என்று ஆங்கில அரசினர் பலகாலமாகக் குறை கூறி வந்தனர். இந்நிலையில் திவானாக வந்தவர் அ. சேஷையா சாஸ்திரியார். தஞ்சை மாவட்டத்து அமராவதி என்னும் சிற்றூரில் 1828இல் பிறந்தவர். சென்னையில் பவல் துரையிடம் கல்வி கற்றவர். திருவிதாங்கூரில் திவானாக இருந்து பெயர் பெற்றவர்.

வந்தவர் கண்ட முதற் கேடு அமானி முறை. இதனைச் சற்று விரிவாகவே சொல்லுதல் வேண்டும். ஏனெனில் நம் பாடநூல்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது.

அமானி நிலத்தில் விளைந்ததைச் சர்க்காரும் குடியானவனும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வர். கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றும். நடந்தது வேறு. நிலம் குடியானவனுக்கு உரிமையானதன்று. மக்களுக்கு விட்டுச் செல்லவோ விற்கவோ இயலாது. ஆகவே அவன் தன் இனாம் நிலத்தையும் பணத்தீர்வை நிலத்தையும் முதலில் உழுதுவிட்டு, பருவம் தப்பிய பிறகே அமானி வயலில் இறங்கினான். அமானியை முதலில் உழுவேன் என்று அவனிடம் எழுதி வாங்கினார்கள். கதிர் தலைகாட்டியதும் கண்காணிகள் என்னும் காவலர் கூட்டம் வயலுக்கு வந்தது. பழைய போர்க்காலத்துப் படைவீரரின் வழியினரே இவர்களில் பெரும்பாலோர். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. காத்த பயிரில் கிடைக்கும் சிறு தானியமே கூலி. அந்தக் காவல் எவ்வளவு உறுதியாக இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். பயிர் முற்றியதும் கிராம அதிகாரிகளும் மிராசுதார்களும் விளைச்சலை மதிப்பிட வந்தனர். அவர்கள் மதிப்பு சரியா என்று பார்க்கத் தாலுகாக் கச்சேரியிலிருந்து வேறு சிலர் வந்தனர். வந்தவர் எவரையும் வெறுங்கையோடு அனுப்ப முடியாது. பிறகு அறுக்க உத்தரவு வேண்டும். உத்தரவு வருமுன் மழை வந்தால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். இத்தனையும் கடந்து சர்க்கார் களஞ்சியம் சேர்ந்த நெல் அங்கும் முழுதாக இருப்பதில்லை. மிஞ்சிய நெல்லைக் குடிகள் தலையிலேயே கட்டி விலை வாங்கியதும் உண்டு. இவ்வளவையும் சாஸ்திரியாரே எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். அவர் எழுத்தில் சினமும் நகைச்சுவையும் கலந்தே இருக்கும்.

இப்போது அவருடைய இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். களவு நடக்கிறது, என்ன செய்யலாம்? பெரும்பாலான அதிகாரிகளுக்குத் தோன்றுவது இன்னொரு காவலன். கண்காணிக்குமேல் ஒரு கண்காணி. அவனுக்கும் மேல் ஒரு தணிக்கையாளன். சாஸ்திரியாருக்கு முன்பிருந்தோர் செய்ததும் இதுவே. ஒருவருக்காக மற்றொருவர் வேலை செய்யும்போது இருவர் நலனும் ஒன்றாக இராது. அதனைக் கண்காணிப்பதற்கே ஒரு செலவு உண்டு என்பதை 1976இல் ஜென்சன், மெக்லிங் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் ஒரு கோட்பாடாக வகுத்தனர். வணிகப் பள்ளிகளில் இன்று அதனைக் கல்லாதார் இல்லை. புதுக்கோட்டைக் குடியானவனுக்கு அது வயலிலேயே தெரிந்திருந்தது.

சாஸ்திரியார் காவலனைக் கூட்டவில்லை. காவல் தேவைப்படாதபடி முறையையே மாற்றினார். பாதி வாரம் ஒழிந்தது. கடந்த ஆண்டுகளின் சராசரி விளைச்சலையும் சராசரி நெல் விலையையும் கொண்டு ஒரு பணத்தீர்வை குறிக்கப்பட்டது. நிலம் குடியானவனுக்கு உரிமையாயிற்று. அவன் எப்போது உழுதால் என்ன, எப்போது அறுத்தால் என்ன? தீர்வை வந்தால் போதும்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. சமஸ்தானத்தில் முழுமையான நில அளவையும் வரித்திட்டமும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் நடந்தேறின. அது முடியும்வரை காத்திருப்போம் என்று சாஸ்திரியார் சொல்லியிருந்தால் எவரும் குற்றம் கூறியிரார். மனிதன் எல்லா விவரங்களையும் திரட்டி, எல்லா வழிகளையும் ஒப்பிட்டு, மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை. அறிவுக்கும் காலத்துக்கும் எல்லை உண்டாதலால், போதுமான அளவு நல்ல வழியொன்றைக் கண்டு அதில் நின்றுவிடுகின்றான் என்று 1947இல் ஒரு நூலில் ஆராய்ந்தவர் ஹெர்பர்ட் சைமன். 1978இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சாஸ்திரியார் புதுக்கோட்டைக்கு வந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து! சராசரிக் கணக்கு பிழையற்ற கணக்கன்று. ஆயினும் அது கையில் இருந்தது.

புகழ்ச்சி போதும், மறுபக்கத்தையும் பார்ப்போம். ஒரு வயலில் நல்ல ஆண்டில் 100 கலம், கெட்ட ஆண்டில் 50 கலம் விளைகின்றது என்று கொள்வோம். பாதி வாரமானால் குடியானவனுக்கு 50 கலமும் 25 கலமும் மிஞ்சும். 40 கலத்தின் விலை தீர்வையானால், விலை ஒரே நிலையில் இருந்தாலும், நல்ல ஆண்டில் 60, கெட்ட ஆண்டில் 10. உழைப்பவனுக்கு ஊக்கம் உண்டு. வானம் பொய்த்தால் சுமையும் அவனுடையதே. வாரமுறை ஊக்கத்தைக் குறைப்பினும் இடரைப் பங்கிடுகின்றது என்பதை 1974இல் ஸ்டிக்லிட்ஸ் கணித முறையில் விளக்கினார். பஞ்சத்திலிருந்து அப்போதே மீண்டெழுந்த நாட்டில் இது சிறிய செய்தியன்று. இருந்தும், ஆய்வாளர் கூறும் வாரமுறையில் ஐம்பது என்றால் ஐம்பது கிடைக்கும். அமானியில் ஐம்பது ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆதலின் திவானின் முடிவு சரியென்பதே என் கருத்து.

அடுத்த முடிவைப் பற்றி அவ்வளவு உறுதியாகக் கூற எனக்கு இயலவில்லை. 1886இல் மன்னர் மறைந்தார். பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அப்போது சிறுவர். சாஸ்திரியாரே திவான் ரீஜண்டாகி நாட்டை ஆண்டார். 1888இல் இனாம் நிலங்களில் கைவைத்தார். சாகுபடி நிலத்தில் பெரும்பகுதி இனாமாக இருந்தது. படை ஊழியத்துக்காக அமரக்காரருக்கும், கோயிலுக்கும், அறத்துக்கும், அரண்மனைப் பணிக்கும் முன்னோர் அளித்தவை அவை. போர் ஒழிந்த நாட்டில் படைக்கு எதற்கு நிலம்? கணக்குப் புத்தகம் கேட்கும் கேள்வி இது. ஊழியக் கடமை நீங்கியது. பல இனாம்கள் சிறுவரிக்கு உட்பட்ட சொந்த நிலங்களாயின.

நிக்கொலஸ் டிர்க்ஸ் என்னும் அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் புதுக்கோட்டையைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதி 1987இல் வெளியிட்டார். இனாம் என்பது வெறும் சம்பளம் அன்று. அரசனுக்கும் குடிக்கும் இடையே ஓடிய உறவு. அதனைச் சொத்தாக மாற்றியபோது மகுடம் உள்ளீடற்றுப் போயிற்று என்பது அவர் வாதம். 'வெற்று மகுடம்' என்னும் பொருள்படவே நூலுக்குப் பெயரும் இட்டார். அரண்மனை வரவை மட்டும் பார்ப்போருக்கு இவ்வாதம் எளிதில் விளங்காது. அமரக்காரனின் பேரன் பட்டாதாரன் ஆனான். ஆனால் தசராவில் தன் முன்னோர் எந்த இடத்தில் நின்றனர் என்பதை அப்பட்டா சொல்லுமா?

சாஸ்திரியார் இதனை முற்றும் உணராதவர் என்றும் கூற இயலாது. திருவிதாங்கூர் மன்னர் பத்மநாபதாசர் என்று விளங்கியதை அவர் அருகிருந்து கண்டவர். இங்கே அவர் அறிவுரையின்படி மன்னர் பிரகதாம்பாதாஸ் என்னும் பட்டத்தை ஏற்றார். எங்கள் ஊர் அம்மன் உருவம் ஒரு பக்கமும், 'விஜய' என்னும் தெலுங்கு எழுத்து மறுபக்கமும் பொறித்த அம்மன் காசு, ஆங்கில ரூபாய் எங்கும் வழங்கிய அக்காலத்திலும் நிறுத்தப்படவில்லை. 1889 முதல் அது இயந்திரத்தில் அச்சாயிற்று. அணாவுக்கு 20 காசு, ரூபாய்க்கு 320. 1894இல் இளைய மன்னரிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுச் சாஸ்திரியார் ஓய்வு பெற்றார், 1903இல் மறைந்தார். சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதுவரை புதுக்கோட்டை தன் பெயரில் வைத்திருந்த நாணயம் அந்தச் செப்புக்காசு ஒன்றே.