பூச்சும் பருவமும்: முகப்பூச்சுப் பொருள்தேர்வு பற்றிய வரலாற்று நோக்கு

முகத்திற்கும் மேனிக்கும் பூசும் பூச்சுகளை இல்லத்திலேயே அரைத்தும் இடித்தும் பயன்படுத்தும் வழக்கம் இந்திய நிலப்பகுதி முழுவதற்கும் பொதுவானது. இவ்வழக்கத்தை இலக்கிய ஆய்வாளர் பெரும்பாலும் ஒப்பனை வருணனையாகவே கொண்டு, பொருட்பெயர்களைத் தொகுத்துப் பட்டியலிடுவதோடு அமைந்துவிடுகின்றனர். எது நல்ல பொருள், அதனை எவ்வாறு தெரிந்தனர் என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. நூல்களோ இவ்வினாவிற்குத் தெளிவாகவே விடை தருகின்றன.

வடமொழி மருத்துவ நூல்களுள் வாக்படரின் அட்டாங்க இருதயம் இவ்வகையில் முதன்மையானது. கி.பி. ஏழாம் நூற்றாண்டையொட்டியதாகக் கருதப்படும் இந்நூலின் சூத்திரத்தானம் 22ஆம் அத்தியாயம், முகப்பூச்சினை முகாலேபம் எனப் பெயரிட்டு மூவகையாகப் பகுக்கிறது. குற்றங்களை நீக்குவது, நஞ்சினை நீக்குவது, நிறம் தருவது என்பன அவை. பூச்சின் கனம் கால் அங்குலம், அங்குலத்தில் மூன்றில் ஒருபங்கு, அரை அங்குலம் என அளவிடப்படுகிறது. பூச்சு ஈரமாயிருக்கும் வரையே முகத்தில் இருத்தல் வேண்டும். உலர்ந்தால் தோலின் ஒளியைக் கெடுக்கும். எனவே நீரால் நனைத்தே நீக்கி, அதன்பின் எண்ணெய் பூசுதல் வேண்டும். பூச்சு இருக்கும்போது வெயில், தீ, பேச்சு, சினம், துயரம் ஆகியன விலக்கு. முகப்பூச்சு நன்கு காய்ந்து இறுகிய பின்னரே நீக்கத்தக்கது என்று இன்று பலர் கருதுவதற்கு இது நேர் மாறானது.

அந்நூல் ஆறு பருவங்களுக்கும் ஆறு கூட்டுகள் கூறுகிறது. முன்பனியில் இலந்தைக் கொட்டையின் பருப்பு, ஆடாதோடை வேர், லோத்திரம், வெண்கடுகு. பின்பனிக் கூட்டில் கருஎள்ளும் உமி நீக்கிய வாற்கோதுமையும் இடம்பெறுகின்றன. முதுவேனிலில் ஆம்பல், நீலோற்பலம், செங்கழுநீர், அறுகு, அதிமதுரம், சந்தனம். பனிக்காலத்திற்கு நெய்ப்புடைய வித்துகளும், வேனிலுக்குக் குளிர்ந்த மலர்களும் புல்லும் தேர்ந்துகொள்ளப்பட்டமை வெளிப்படை. பொருள் தன்னளவில் நல்லதென்றோ தீயதென்றோ இல்லை. பூசுவோரின் பருவமே அதனை முடிவு செய்கிறது.

தமிழில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது சீவக சிந்தாமணியின் குணமாலையார் இலம்பகம். அங்குப் பேசப்படுவது முகப்பூச்சு அன்று, நீராட்டிற்குரிய நறுஞ்சுண்ணம். ஆயினும் பொருள்தேர்வு பற்றிய வழக்கு ஒன்று அதில் முழுமையாக நடைபெறுகிறது. குணமாலை, சுரமஞ்சரி ஆகிய தோழியர் இருவரும் தத்தம் சுண்ணமே சிறந்ததென வாதிடுகின்றனர். தோற்றவர் நீராடுவதில்லை என்பது ஒட்டு. தீர்ப்புக் கூறும் சீவகன் இரு சுண்ணங்களையும் வானில் தூவ, வண்டினம் குணமாலையின் சுண்ணத்தையே நாடுகிறது. அவன் கூறும் காரணமே இவண் கருதத்தக்கது. குணமாலையினது வேனிற்காலத்துச் செய்தது. சுரமஞ்சரியினது மாரிக்காலத்துச் செய்தது.

வாக்படர் கூறும் பருவம் பயன்படுத்துவோர்க்குரியது. திருத்தக்கதேவர் கூறும் பருவம் செய்வோர்க்குரியது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஈரக்காற்றில் இடித்த பொடி நன்கு உலராது மணம் குன்றும் என்பது உரலருகே இருந்தவர்க்கே தெரியும் செய்தி. மருத்துவ நூல் இடம்தராத அவ்வறிவைக் காப்பியம் பாதுகாத்துள்ளது. தீர்ப்பு ஆடவன் வாயில் வைக்கப்பட்டாலும், அறிவு இல்லத்துப் பெண்டிருடையதே எனக் கொள்வதில் தவறில்லை.

சிலப்பதிகாரச் சான்றினைக் கையாளுங்கால் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர், பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியது என நூல் எண்ணிக்கையை மட்டுமே கூறுகிறது. பூவந்தி, திரிபலை, கருங்காலி, நாவல், நாற்பால்மரம் என்னும் துவர்களையும், கோட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்னும் விரைகளையும் பெயர்சுட்டி விரிப்பவர் உரையாசிரியர் அடியார்க்குநல்லார். நூலுக்கும் உரைக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. உரையின் பட்டியலை மாதவி காலத்துப் புகாரின் ஒப்பனைப் பொருள்களாக எடுத்தாளும் போக்கு ஆய்வுலகில் அருகியதன்று. அது உரையாசிரியர் அறிந்த மரபிற்குச் சான்றாகுமேயன்றி, காப்பிய காலத்திற்கு நேர்ச்சான்று ஆகாது.

இல்லத்தில் செய்தது என்பதனால் பொருள்கள் யாவும் கொல்லையில் விளைந்தன என்பதும் இல்லை. கோட்டம் காசுமீரம் முதலிய இமயப் பகுதிகளில் விளையும் வேர். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூசு, சிந்துவின் முகத்துவாரத் துறையிலிருந்தும் பரிகாசாவிலிருந்தும் அது ஏற்றுமதியானதைக் குறிக்கிறது. அச்செடி இன்று அருகிவிட்டதால், 1985 முதல் அதன் பன்னாட்டு வணிகம் மிகக் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளது. பழைய பட்டியலைப் பார்த்துக் கூட்டுச் சேர்க்க விழைவோர் இதனையும் கருதவேண்டும்.

தமிழ் இல்லங்களில் நின்று நிலவும் நலங்குமாவிலும் இத்தகைய தேர்வு உண்டு. பாசிப்பயறு, கோரைக்கிழங்கு, கிச்சிலிக்கிழங்கு, விலாமிச்சை, சந்தனம் ஆகியவற்றோடு கார்போகரிசியும் சேர்க்கப்படுகிறது. இவ்வித்தில் உள்ள சோரலன் என்னும் வேதிப்பொருள் வெயில்பட்ட தோலைச் சிவக்கவும் கருக்கவும் செய்யவல்லது. அளவு குறிக்காத பட்டியல்களில் இவ்வித்துப் பயற்றுக்கு இணையாக எண்ணப்படுவது பொருந்தாது; நலங்குமாக் குறிப்புகளைத் தொகுப்போர் பெயரோடு அளவையும் இடிக்கும் பருவத்தையும் கேட்டுப் பதிதல் வேண்டும்.