பார்வை ஆய்வுக் கணினிகளில் வரைகலை அட்டைச் சிக்கல்கள்

கண்ணும் மூளையும் காட்சியை எப்படிக் கையாளுகின்றன என்று ஆராயும் கூடங்களில், பங்கேற்பாளருக்குக் காட்ட வேண்டிய கோடுகளும் புள்ளிகளும் முகங்களும் கணினித் திரையில்தான் தோன்றுகின்றன. அவற்றைத் திரைக்கு அனுப்பும் வரைகலை அட்டை இங்கே ஓர் ஆய்வுக் கருவி. விளையாட்டுக்கு அட்டை வாங்குபவர் வினாடிக்குச் சராசரியாக எத்தனை பிரேம் வருகிறது என்று பார்ப்பார். ஆய்வாளருக்கு அந்தச் சராசரி உதவாது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு மணி நேரச் சோதனைக்கு 2,16,000 பிரேம்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றே ஒன்று, அதுவும் முக்கியமான இடத்தில், தாமதமாக வந்தால் அந்தச் சுற்றின் தரவு கெட்டுவிடும். சராசரியோ 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதனால் இத்துறையில் 'அட்டை சரியாக ஓடவில்லை' என்ற புகாருக்கு வேகக் குறைவு ஒரு காரணம் மட்டுமே. நேரம் பிசகுவதும், கேட்ட ஒளிர்வு வராததும் அதைவிடத் தொல்லை தருபவை.

பின்னணி

கணினி வரைகலை பரவும் முன்பு ஆய்வாளர்கள் படத்தை ஒரு கணம் மட்டும் காட்டும் டாகிஸ்டோஸ்கோப்பையும் ஆசிலோஸ்கோப் திரையையும் நம்பியிருந்தார்கள். கேம்பிரிட்ஜில் ஃபெர்கஸ் கேம்பெலும் ஜான் ராப்சனும் 1968-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கோட்டுவரிசை ஆய்வில் ஆசிலோஸ்கோப் திரையே பயன்பட்டது. அதில் ஒளிர்வையும் நேரத்தையும் ஆய்வாளர் கையில் இருந்த மின்சுற்றே நேரடியாக ஆண்டது. சாதாரண மேசைக் கணினிக்கு மாறியபோது அந்தப் பிடி தளர்ந்தது. அதை மீட்க எழுந்த மென்பொருள்களில் முதன்மையானது, 1997-இல் டேவிட் பிரெய்னார்ட் அறிமுகப்படுத்திய சைக்கோஃபிசிக்ஸ் டூல்பாக்ஸ், சுருக்கமாகச் சைக்டூல்பாக்ஸ். டெனிஸ் பெல்லியின் வீடியோ டூல்பாக்ஸ் அதற்கு அடித்தளமாக இருந்தது. மரியோ கிளைனர் முன்னின்று மாற்றி எழுதிய மூன்றாம் பதிப்பு மேட்லேபிலும் ஆக்டேவிலும் ஓடுகிறது. பைத்தானை விரும்புபவர்களுக்கு ஜோனதன் பியர்ஸ் 2007-இல் ஆய்விதழில் விவரித்த சைக்கோபை இருக்கிறது. இரண்டுமே ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் வழியாக அட்டையோடு பேசுகின்றன.

ஒரு பிரேம் தவறும்போது

அட்டையின் நினைவகத்தில் இரண்டு பஃபர்கள் இருக்கும். முன்பஃபரில் உள்ள படம் திரைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நிரல் பின்பஃபரில் அடுத்த படத்தை வரைகிறது. திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்கு முன் உள்ள சிறு இடைவெளியில் இரண்டும் இடம் மாறுகின்றன. சைக்டூல்பாக்ஸில் இந்த மாற்றத்தைக் கேட்கும் கட்டளை 'ஃபிளிப்'. அந்த இடைவெளிக்குள் வரைந்து முடியவில்லை என்றால் பழைய படமே இன்னொரு திரைச்சுற்று நிற்கும்.

ஒரு திரைச்சுற்று என்பது 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லிவினாடி, 85-இல் 11.8, 120-இல் 8.3, 144-இல் 6.9. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சொல்லை 33 மில்லிவினாடி காட்டி உடனே மறைப்புப் படத்தால் மூடும் ஆய்வை எடுத்துக்கொள்வோம். அது இரண்டு பிரேம் வேலை. ஒன்று தவறினால் சொல் 50 மில்லிவினாடி நிற்கும். 'பார்த்த உணர்வே இல்லை' என்று சொல்ல வேண்டியவர் சொல்லைப் படித்துவிடுவார். மூளை மின்னலை ஆய்வில் தூண்டல் தோன்றிய கணத்தை வைத்து நூற்றுக்கணக்கான பதிவுகளைச் சராசரி எடுக்கிறார்கள். கணம் முன்பின் ஆடினால் அலையின் உச்சம் மழுங்கிவிடும்.

எல்லாப் பிரேம் தவறுகளும் அட்டையின் குற்றம் அல்ல. 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 மில்லிவினாடி காட்ட வேண்டும் என்று கேட்பவருக்கு 33.3 கிடைக்கும், அல்லது 50 கிடைக்கும். இடைப்பட்டது எந்த அட்டையிலும் கிடையாது. இன்னொன்று இதைவிட நுட்பமானது. ஒரு படத்தை 100 மில்லிவினாடி, அதாவது ஆறு பிரேம், காட்ட நினைத்து, 'தோன்றிய நேரம் கூட்டல் 0.100' என்று அடுத்த ஃபிளிப்பைக் கேட்கிறார் ஒருவர். கணக்கில் சில மைக்ரோவினாடி பிசகினாலும் அந்தக் கோரிக்கை இடைவெளி கடந்தபின் விழுந்து, படம் 116.7 மில்லிவினாடிக்கு நீளும். சில சுற்றுகளில் சரியாகவும் சிலவற்றில் தவறாகவும் வருவதால் அட்டைதான் திணறுகிறது என்று தோன்றும். அரைப் பிரேம் குறைத்து 91.7 மில்லிவினாடியில் கேட்டால் கோளாறு மறைந்துவிடும். புது அட்டைக்கு விண்ணப்பம் எழுதும் முன் நிரலில் இந்த ஒரு வரியைப் பார்ப்பது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது

முதலில் அட்டை வேலை செய்கிறதா என்றே பார்க்க வேண்டும். விண்டோஸில் உற்பத்தியாளரின் டிரைவர் இல்லாவிட்டால் ஓபன்ஜிஎல் தன் பெயரை 'ஜிடிஐ ஜெனரிக்' என்றும் பதிப்பை 1.1 என்றும் சொல்லும். லினக்ஸில் அதே நிலையில் 'எல்எல்விஎம்பைப்' என்ற பெயர் வரும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: விலையுயர்ந்த அட்டை சும்மா இருக்க, மையச் செயலியே எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருக்கிறது. தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து சோதித்துப் பார்ப்பவர்களும் இந்த வலையில் விழுவதுண்டு.

பிறகு எதையும் வரையாமல் வெற்றுத் திரையை மட்டும் சில நிமிடம் ஃபிளிப் செய்து, ஒவ்வொன்றின் நேரத்தையும் பதிந்து வரைபடமாகப் பார்க்க வேண்டும். சைக்டூல்பாக்ஸில் இதற்கென்றே 'விபிஎல் சிங்க் டெஸ்ட்' என்ற சோதனை உண்டு. புள்ளிகள் ஒரே கோட்டில் நின்றால் இயங்குதளமும் டிரைவரும் ஒழுங்காக இருக்கின்றன. குறை வரையும் நிரலில் இருக்கிறது. வெற்றுத் திரையிலேயே புள்ளிகள் சிதறினால் நிரலைக் கிளறிப் பயனில்லை.

நிரலில்தான் குறை என்று தெரிந்தபின், திரையின் தெளிவுத்திறனைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டலாம். வரையும் நேரம் குறைந்தால் அட்டை பிக்சல்களை நிரப்பித் தீரவில்லை என்று பொருள். விளிம்பு மென்மையாக்கலைக் குறைப்பது பலன் தரும். நேரம் மாறவில்லை என்றால் தாமதம் மையச் செயலியிலோ தரவுப் பாதையிலோ இருக்கிறது. முதல் சில பிரேம்கள் மட்டும் தவறுவது அனேகமாகக் கோளாறே அல்ல. செயல்கூறுகள் நினைவகத்துக்கு வருவதும் ஷேடர் எனும் வரைகலை நிரல்கள் தொகுக்கப்படுவதும் அப்போதுதான் நடக்கின்றன. சோதனை தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வரைந்து பார்த்துவிட்டால் போதும்.

தொடக்கத்தில் சைக்டூல்பாக்ஸ் தானே ஒத்திசைவைச் சோதித்து, பிசகு கண்டால் எச்சரித்து நிற்கும். அந்தச் சோதனையைத் தவிர்க்க ஒரு கட்டளை இருக்கிறது. நிரலை எழுதிப் பழகும் மடிக்கணினியில் அதைப் போடுவதில் தவறில்லை. தரவு சேகரிக்கும் கணினியில் அந்த வரி இருந்தால், அங்கே கிடைத்த மில்லிவினாடிக் கணக்குகளை நம்ப இடமில்லை.

இடையில் நுழையும் மென்பொருள்

இக்காலக் கணினிகளில் நிரல் வரைந்த படம் நேராகத் திரைக்குப் போவதில்லை. எல்லாச் சாளரங்களையும் கோத்து ஒரே படமாக்கும் கம்போசிட்டர் நடுவில் நிற்கிறது. விண்டோஸில் இது விஸ்டாவோடு வந்தது. விண்டோஸ் 7 வரை அதை நிறுத்த முடிந்தது. விண்டோஸ் 8 முதல் முடியாது. படம் அதன் வழியாகப் போனால் பொதுவாக ஒரு பிரேமாவது தாமதமாகும். அதைவிடக் கெடுதல், ஃபிளிப் திருப்பித் தரும் நேரமுத்திரை கம்போசிட்டரிடம் படத்தை ஒப்படைத்த நேரமாக இருக்கலாம். திரையில் தோன்றிய நேரமாக இராது. முழுத்திரையில் ஓட்டுவதும், ஒரே திரையை இணைப்பதும், சாளர அளவுப் பெருக்கத்தை 100 விழுக்காட்டில் வைப்பதும் இதற்கு வழக்கமான வைத்தியம். அறிவிப்புப் பெட்டி ஒன்று மேலே எட்டிப்பார்த்தாலும் கம்போசிட்டர் திரும்ப வந்துவிடும்.

மேக் கணினிகளில் நிலை வேறு. ஆப்பிள் 2018-இல் மொஹாவி பதிப்போடு ஓபன்ஜிஎல்லைக் கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் பார்வை ஆய்வுக் கூடங்களின் செல்லப்பிள்ளையாக இருந்த மேக், இன்று நேரத் துல்லியத்துக்கு நல்ல தேர்வல்ல. சைக்டூல்பாக்ஸ் குழு பரிந்துரைப்பது லினக்ஸை. இன்டெல், ஏஎம்டி அட்டைகளுக்கு அங்கே திறந்த மூல டிரைவர்கள் இருப்பதால், எங்கே தாமதம் என்று உள்ளே புகுந்து பார்க்க முடிகிறது.

மின்சேமிப்பு அமைப்பு தனித் தலைவலி. எளிய சாம்பல் திரையை மட்டும் வரையும்போது அட்டை தனக்கு வேலையில்லை என்று கடிகார வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று சிக்கலான தூண்டல் வரும்போது மீண்டும் ஏறுவதற்குள் ஒரு பிரேம் போய்விடும். கனமான சோதனை சரியாக ஓட, லேசான சோதனை தடுமாறும் புதிருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். டிரைவர் அமைப்பில் உச்சச் செயல்திறனைத் தேர்ந்தெடுத்தால் தீரும். திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்குப் படம் மாற்றும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வசதிகளையும், அவற்றுக்கென்றே நிரல் எழுதாதவரை, அணைத்து வைக்க வேண்டும்.

மடிக்கணினிகளில் இரண்டு வரைகலைச் சில்லுகள் இருப்பது இன்னொரு பொறி. என்விடியா 2010-இல் கொண்டுவந்த ஆப்டிமஸ் போன்ற ஏற்பாட்டில் தனி அட்டை வரைந்ததை உள்ளமைந்த சில்லுக்கு நகலெடுத்து, அதுதான் திரைக்கு அனுப்புகிறது. பயாஸில் ஒன்றை அணைக்க வழி இருந்தால் அணைக்கலாம். இல்லையென்றால் அந்தக் கணினியை நிரல் எழுத மட்டும் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். யுஎஸ்பி வழியாகப் படத்தைச் சுருக்கி அனுப்பும் திரை இணைப்பான்களுக்கும் இதே தீர்ப்புதான்.

நினைவகமும் பாதையும்

காணொளி காட்டும் ஆய்வுகளில் கணக்குப் போட்டுப் பார்த்தாலே பல சிக்கல்கள் தெரிந்துவிடும். 1920×1080 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் என்றால் ஒரு பிரேம் ஏறத்தாழ 83 லட்சம் பைட். வினாடிக்கு 120 அனுப்பினால் 99.5 கோடி பைட். மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் ஒற்றைப் பாதை தாங்குவது சுமார் 98.5 கோடி, பதினாறு பாதைகள் சேர்ந்தால் 1,575 கோடி. தாய்ப்பலகையில் நீளமான துளை என்று பார்த்துச் செருகிய அட்டைக்கு உள்ளே ஒரு பாதையே இணைந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்த அட்டையானாலும் தவறும். பாதைச் சிக்கலைத் தவிர்க்க எல்லாப் படங்களையும் முன்கூட்டியே அட்டையின் நினைவகத்தில் டெக்ஸ்சர்களாக ஏற்றிவைப்பார்கள். 60 ஹெர்ட்ஸில் பத்து வினாடி என்றாலே 600 பிரேம், சுமார் 500 கோடி பைட். 4 ஜிபி அட்டை நிரம்பி வழிய, டிரைவர் சத்தமில்லாமல் மிச்சத்தைக் கணினி நினைவகத்துக்குத் தள்ளிவிடும். சோதனையின் முதல் பாதி சுத்தமாகவும் பின்பாதி தடுமாறியும் ஓடுவது இதன் அடையாளம்.

இரண்டு கண்ணுக்கும் தனித்தனித் திரை வைக்கும் ஆய்வில், ஒரு திரை 60 ஹெர்ட்ஸிலும் மற்றது 59.94-லும் ஓடினால் இரண்டும் ஏறத்தாழ 16.7 வினாடிக்கு ஒருமுறைதான் சேரும். இதை நிரலால் சரிசெய்ய முடியாது. ஒரே மாதிரித் திரைகளை ஒரே அட்டையில் ஒரே கடிகாரத்தில் ஓட்ட வேண்டும்.

ஒளிர்வும் நிறமும்

எட்டு பிட் அட்டை ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் தருகிறது. நடுச் சாம்பலில் ஒரு படி ஏற்றி இறக்கினால் கிடைக்கும் வேறுபாடு சுமார் 0.8 விழுக்காடு. நல்ல கண்ணுக்கு அரை விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு தெரியும். ஆகவே பார்வை எல்லையை அளக்கும் சோதனையில் அட்டையின் மிகச் சிறிய படியே பங்கேற்பாளருக்குப் பளிச்சென்று தெரிந்துவிடக்கூடும். இதற்குப் பல வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பெல்லியும் ஜாங்கும் 1991-இல் மூன்று நிறச் சமிக்ஞைகளை மின்தடைகளால் கலந்து ஒன்றாக்கும் எளிய கருவியை விவரித்தார்கள். கிறிஸ்டோபர் டைலர் 1997-இல் நிறத்தில் ஒரு துளி மாற்றி இடைப்படிகளை உண்டாக்கும் 'பிட் திருட்டு' முறையைச் சொன்னார்.

திரையின் ஒளிர்வு அனுப்பும் எண்ணுக்கு நேர்விகிதமாக ஏறுவதில்லை. காமா 2.2 உள்ள திரையில் பாதி எண் அனுப்பினால் உச்ச ஒளிர்வில் 22 விழுக்காடுதான் வரும். ஒளிமானியால் அளந்து அட்டையின் காமா அட்டவணையில் திருத்தத்தை ஏற்றுவார்கள். அந்தத் திருத்தத்தை யாரும் கேட்காமல் குலைக்கும் மென்பொருள் வசதிகள் ஏராளம்: நைட் லைட், எஃப்.லக்ஸ், ட்ரூ டோன், ஹெச்டிஆர், நிறச் சுயவிவரங்கள். காலையில் அளந்த ஒளிர்வு மாலையில் மஞ்சளாகிப் போனால் அட்டையைச் சந்தேகிப்பதற்கு முன் இந்தப் பட்டியலைச் சரிபார்க்கலாம்.

கடைசி நீதிபதி

கணினி சொல்லும் நேரம் எவ்வளவு சீராக இருந்தாலும் திரை என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. திரையின் மூலையில் தூண்டலோடு ஒளிரும் சிறு வெள்ளைச் சதுரத்தை வைத்து, அதன்மேல் ஒளி டையோடை ஒட்டி, அலைவடிவைப் பதிந்தால்தான் தெரியும். சதுரம் எந்த மூலையில் என்பதும் முக்கியம். திரை மேலிருந்து கீழாக வரைவதால், 60 ஹெர்ட்ஸில் நடுவில் இருக்கும் தூண்டல் மேல்விளிம்பை விட ஏறத்தாழ 8 மில்லிவினாடி பிந்தித் தோன்றும். இது கோளாறல்ல, கழித்துக்கொள்ள வேண்டிய கணக்கு. டையோடு காட்டும் தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் அது திரையின் உள்செயலாக்கத்தால் வருவது. திரையை அதன் இயல்பான தெளிவுத்திறனில் ஓட்டினால் பெரும்பாலும் குறையும். சுற்றுக்குச் சுற்று ஒரு முழுப் பிரேம் அளவில் துள்ளினால் மறுபடி அட்டைக்கும் கம்போசிட்டருக்கும் திரும்ப வேண்டும். எல்லாம் சரியான அன்றே டிரைவரின் பதிப்பு எண்ணைக் குறித்து, தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைப்பது ஆய்வுக்கூடங்களின் வழக்கம்.

இத்தனைக்கும் அடங்காத தேவைகளுக்குத் தனிக் கருவிகள் விற்கப்படுகின்றன. கேம்பிரிட்ஜ் ரிசர்ச் சிஸ்டம்ஸின் பிட்ஸ் வரிசைக் கருவிகள் 14 பிட் ஒளிர்வு தருகின்றன. விபிக்ஸின் புரோபிக்ஸ் ஒளிவீழ்த்தி சாம்பல் நிறப் படங்களை 1,440 ஹெர்ட்ஸில் காட்டும். ஆனால் இவையும் அதே வரைகலை அட்டையின் கேபிளில்தான் தொங்குகின்றன. சில முறைகளில் ஒளிர்வின் கூடுதல் பிட்களும் தூண்டல் அறிவிப்புகளும் பிக்சலின் நிற எண்ணுக்குள் ஒளித்து அனுப்பப்படுகின்றன. டிரைவர் படத்தை மெருகேற்ற நினைத்துக் கடைசி பிட்டை அங்கங்கே மாற்றினால், அதாவது டிதரிங் செய்தால், கருவி அந்த எண்ணைத் தவறாகப் படிக்கும் அல்லது அறிவிப்பைக் கவனிக்காமலே விடும். வெறும் கண்ணுக்குப் படம் குறையின்றித் தெரியும். கருவிக்கு வந்து சேர்ந்த பிக்சல் மதிப்புகளைத் திரும்பப் படித்து, அனுப்பியவற்றோடு ஒன்றுக்கொன்று ஒப்பிடும் சோதனை நிரல்கள் சைக்டூல்பாக்ஸில் உள்ளன. டிரைவரையோ கேபிளையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் அவற்றை ஓட்ட வேண்டும்.