கயிறு எங்கே?

காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும் கடல் ஏறும் நாட்கள். இயற்பியல் முதலாண்டு படித்தபோது, வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம், "நிலாதான் கடலை இழுக்குது" என்று பெருமையாகச் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இழுக்குதுன்றியே, கவுறு எங்கடா கீது?" சூத்திரம் தெரிந்தது, பதில் தெரியவில்லை.

மறுநாள் பேராசிரியரிடம் சொன்னேன். வகுப்பே சிரித்தது, அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பா கேட்டது நியூட்டனையே தூங்கவிடாத கேள்விப்பா" என்றார். அன்று பாடம் நின்றது, கதை தொடங்கியது. நண்பர்களே, அதன் சாரம் இதுதான்.

1687-ல் ஈர்ப்பு விதியைத் தந்த நியூட்டனுக்கே, இடையில் எதுவுமின்றி ஒரு பொருள் மற்றொன்றை இழுப்பது நம்ப முடியாததாகப் பட்டது. 1713-ல் வந்த பிரின்சிபியா இரண்டாம் பதிப்பில், காரணம் பற்றி ஊகம் கட்டமாட்டேன் என்று எழுதிவிட்டார். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1690-லேயே ஃபாட்டியோவும், 1748 முதல் ஜெனீவாவின் லெசாஜும், "இழுப்பே கிடையாது, தள்ளல்தான்" என்றார்கள்.

விண்ணெங்கும் நுண்துகள்கள் எல்லாத் திசையிலிருந்தும் பாய்கின்றன. தனியாக நிற்கும் பொருளுக்கு எல்லாப் பக்கமும் ஒரே அடி, நகராது. அருகில் இன்னொரு பொருள் இருந்தால், ஒன்று மற்றதற்கு நிழலாகும். உட்பக்கம் அடி குறையும். வெளிப்பக்க அடி இரண்டையும் நெருக்கித் தள்ளும். தூரம் இரட்டித்தால் நிழலின் பலன் நாலில் ஒன்றாகும். நியூட்டன் விதி அப்படியே வந்துவிட்டது! கயிறே வேண்டாம்.

ஆனால் மழையில் ஓடுபவனுக்கு முன்பக்கம்தானே அதிகம் நனையும்? அதுபோல, சூரியனைச் சுற்றும் பூமிக்கு முன்னால் அடி கூடி, வேகம் தேய வேண்டும். தேயவில்லை. 1870-களின் தொடக்கத்தில் கெல்வின் இக்கொள்கைக்கு மறுபடி உயிர் கொடுத்துப் பார்த்தார். 1875-ல் மேக்ஸ்வெல் அதை மடக்கினார்: நிழல் விழ, துகள்கள் தம் ஆற்றலைப் பொருளிடம் விட்டாக வேண்டும், அந்த வெப்பத்தில் எல்லாமே தகதகவென்று எரிந்திருக்கும்!

காரணம் பிடிபடவில்லை என்று வேலை நிற்கவில்லை. 1821-ல் நம் சென்னையில், நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில், கோல்டிங்ஹாம் ஊசலை ஆட்டி இங்குள்ள புவியீர்ப்பை அளந்தார். ஆய்வுக்கூடத்தில் நாம் அலுத்துக்கொண்டே எண்ணிய அலைவுகள் அந்த வழி வந்தவைதான். 1915-ல் ஐன்ஸ்டைன், காலமும் வெளியும் வளைவதே ஈர்ப்பு என்றார். அவர் கொள்கை சொன்ன ஈர்ப்பலைகள் 2015-ல் பிடிபட்டன. நிறை ஏன் வெளியை வளைக்கிறது என்று அப்பா கேட்டிருந்தால், மறுபடி விழித்திருப்பேன்.

அன்றிரவு நியூட்டன் கதையை அப்பாவிடம் சொன்னேன். "தெர்லன்னு ஒத்துக்கினாரா? அப்ப பெரிய ஆளுதான்" என்றார்.

தம்பி, தங்கைகளே! சூத்திரத்தை எழுதி மதிப்பெண் வாங்குங்கள். அதோடு, "கயிறு எங்கே?" என்றும் ஒருமுறை கேளுங்கள். வகுப்பு சிரித்தால் சிரிக்கட்டும்.