விடுபேறும் குடியிறக்கும்: கொச்சிக் கடற்கரையின் நிலவுரிமைச் சொற்கள்

மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் தொழுகைக்கூடம் 1568இல் எழுப்பப்பட்டது. அதனினும் மிகப் பழமையானது, அங்குப் போற்றப்பட்டு வந்த செப்பேடு. ஏறத்தாழக் கி.பி. 1000இல், சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து யோசேப்பு ரப்பானுக்கு இதனை வழங்கினான். வட்டெழுத்தில், வடசொற்களுக்குக் கிரந்தம் விரவ எழுதப்பட்ட இதன் மொழியைத் தமிழர் ஓரளவு எளிதாகவே படித்துவிடலாம். பொருள் கொள்வதே அரிது.

பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, காளம், தோரணம் முதலியவற்றோடு எழுபத்திரண்டு விடுபேறுகள் இதில் கூறப்படுகின்றன. உல்கும் துலாக்கூலியும் நீக்கப்படுகின்றன. ஆண்வழி, பெண்வழி, மருமக்கள்வழி என வழித்தோன்றல்கள் அனைவர்க்கும், உலகும் திங்களும் உள்ளவரை இவ்வுரிமை நிற்கும். ‘அஞ்சுவண்ணம்’ என்னும் சொல்லே சிக்கலுக்குரியது. யூதர் மரபு இதனை ஒரு நிலப்பகுதியாக, தம் முன்னோர் ஆண்ட சிற்றரசாகவே போற்றி வந்தது. பிற்கால ஆய்வாளர் இது வணிகக் குழுவின் பெயரென நிறுவினர். ஒரு சொல்லின் பொருள் மாறியதும் ஒரு குடியின் ‘நாடு’ மறைந்துவிட்டது எனலாம். ஆயினும் செப்பேடு தொடர்ந்து காக்கப்பட்டது. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்கு அளித்த பரிசுகளுள் இதன் படியும் ஒன்று.

மட்டாஞ்சேரிக்கு வடக்கே, காயல் தீவுகளில் வாழ்ந்தோர்க்குச் செப்பேடு இல்லை. வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்திற்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைக்க மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களிலிருந்து 316 குடும்பங்கள் அகற்றப்பட்டன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்டன. மலையாளம் இதனைக் ‘குடியிறக்கு’ என்கிறது. குடியேற்றத்தின் எதிர்ச்சொல்லாகத் தமிழில் ‘குடிபெயர்ப்பு’ என எழுதுவோர் உளர். அதில் வலிந்து இறக்கும் செயல் மறைந்துவிடுகிறது. வேர் இருமொழிக்கும் பொதுவாதலின் ‘குடியிறக்கு’ என்றே எழுதுவதில் தவறில்லை.

இச்சொல்லின் வலிமையை அறியக் ‘குடிகிடப்பு’ என்பதையும் உடன்வைத்துக் காணவேண்டும். பிறர் நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்தவர் குடிகிடப்புக்காரர். 1963ஆம் ஆண்டின் கேரள நிலச்சீர்திருத்தச் சட்டமும் அதன் 1969ஆம் ஆண்டுத் திருத்தமும் குடியிருப்பு மனையை விலைக்குப் பெறும் உரிமையை அவர்க்கு அளித்தன. ஊராட்சிப் பகுதியில் அதன் அளவு பத்து சென்ட். கிடந்த குடி உடைமைக்குடியான வரலாறு இது. அவ்வரலாற்றை அறிந்த மாநிலத்தில் ‘இறக்கு’ என்னும் வினை மிகக் கடுமையாக ஒலிப்பது இயல்பே.

2008 மார்ச் 19ஆம் நாளைய அரசாணை இக்குடும்பங்களுக்குப் ‘புனரதிவாசம்’ உறுதியளித்தது. தமிழ் ஆட்சிச்சொல் ‘மறுவாழ்வு’. முன்னதில் உறைவிடமும் பின்னதில் வாழ்வும் முதன்மை பெறுகின்றன. ஒன்றை மற்றொன்றால் பெயர்ப்பவர் இவ்வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். முனையம் 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஒதுக்கிய மனைகளுட் சில சதுப்பைத் தூர்த்த நிலங்கள்; அங்குக் கட்டிய வீடுகளிற் சில சரிந்து விரிசல் கண்டன.